ஒரு பல் மட்டும் மஞ்சள்

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளைக் கார் திரும்பி வந்துவிட்டது. பாட்டு டீச்சருடையது. போன வாரம்தான் பின்கதவில் ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். டீச்சர் சத்தம் போடவில்லை. முதலாளியை வெயிலுக்குக் கூட்டிப்போய், "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. இது என் கார் கதவா, வேற யாரோட கார் கதவா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்கிறார்கள். இருந்தால் அது அடித்த கையில் இருக்கும், கலந்த கையில் இல்லை. இருபத்தெட்டு வருடமாகப் பெயின்ட் கலக்கிறேன். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவை நிறுத்துக் கலக்க யாராலும் முடியும். வெயிலில் வெளுத்த வண்டிக்கு ஏற்றபடி ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாதிரி அட்டையில் தடவிக் காயவைத்து, பின்னால் தேதி எழுதி, கையெழுத்தும் போட்டு வைப்பேன். அந்த அட்டையை முதலாளி முன்னால் எடுத்துப் போட்டேன். "என் கலவை சரி. ஸ்பிரேல பிரஷரைக் கூட்டி வச்சு அடிச்சா கலர் மாறத்தான் செய்யும்" என்றேன்.

விசில் பக்கத்தில்தான் நின்றான். ஸ்பிரே அடிக்கும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். பதினோரு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். ஸ்பிரே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

கலர் சரியில்லை என்று இந்த வருடத்தில் திரும்பி வரும் மூன்றாவது வண்டி இது.

மார்ச் 6, வியாழன்

விசிலை ஸ்பிரே அறையிலிருந்து எடுத்து உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்குப் போட்டுவிட்டார் முதலாளி. வெளியிலிருந்து வேறு ஒரு பெயின்டர் வருகிறார். நான் கேட்டு நடந்ததில்லை. நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

இன்னொரு கூத்து: முதலாளியின் மருமகள் வரவேற்பு அறைச் சுவரில் எங்கள் எல்லோருடைய படத்தையும் மாட்டப் போகிறாளாம். சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். வீட்டில் சொன்னேன். மனைவி என் வாயையே பார்த்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து உட்கார்ந்து, யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு.

"ஒரு நாளைக்கு எட்டு டீ. சுவத்துல மாட்டினா சுவரே கறை பிடிச்சிரும். எங்க டாக்டர்கிட்ட வெளுக்கப் போடுங்க."

மார்ச் 8, சனி

பல் டாக்டரிடம் போனேன். ஒன்பது வருடத்துக்கு முன் என் முன்பல்லை அடைத்தவரும் இந்த அம்மாதான். அப்போது பெயின்ட் டப்பா மூடியைப் பல்லால் நெம்பினேன். மேல்வரிசை முன்பல்லின் கீழ்மூலை மூடியோடு போய்விட்டது. பல் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து, விளக்குக் காட்டி இறுக வைத்து, உடைந்த மூலையைக் கட்டித் தந்தார். அன்றைக்கு அவரோடு நான் சண்டை போட்டது இன்னும் நினைவிருக்கிறது. அவர் எடுத்த நிறம் வேண்டாம், அதற்கு அடுத்தது என்றேன். கடைசியில் நான் சொன்னதுதான் பொருந்தியது. இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் அது ஒட்டுவேலை என்று தெரியவில்லை. மகளுக்கே தெரியாது.

அதே டாக்டர் இன்று சொன்னார்: "நல்லா கேட்டுக்குங்க. இந்த மருந்து உங்க பல்லைத்தான் வெளுக்கும். அடைச்ச இடத்தை ஒண்ணும் செய்யாது. அது அன்னைக்கு என்ன கலரோ அதே கலர்ல நிக்கும். சுத்தி இருக்கறது வெளுத்தப்புறம் அது தனியா தெரியும். அப்ப எடுத்துட்டுப் புதுசா வைக்கணும்."

இதை எனக்குச் சொல்ல வேண்டுமா? வாடிக்கையாளர்களிடம் நான் தொண்டை வற்றக் கத்துவதே இதைத்தானே. பழைய வண்டியில் ஒரு இடத்தில் டச்சப் செய்துவிட்டு அப்புறம் முழு வண்டிக்கும் பாலிஷ் போடாதே. பழைய பெயின்ட் பளிச்சென்று ஆகிவிடும், டச்சப் செய்த இடம் தேமல் போல நிற்கும். முதலில் பாலிஷ், பிறகுதான் கலர்.

"டாக்டரம்மா, நான் கலர்காரன். வித்தியாசம் தெரிஞ்சா நானே ஓடி வந்து சொல்றேன்" என்றேன்.

அடைப்பின் விளிம்பை மெல்லிய கம்பியால் சுரண்டிப் பார்த்தார். இடைவெளி இருந்தால் மருந்து உள்ளே இறங்கி நரம்பைச் சுண்டுமாம். இடைவெளி இல்லை. பின்னால் கடைவாயில் ஒரு வெள்ளி அடைப்பு இருக்கிறது. அது கணக்கில் இல்லை, சுவர்ப்படத்தில் யார் என் கடைவாயைப் பார்க்கப் போகிறார்கள்? ஈறுக்கு மேல் ஏதோ பூசிவிட்டு ஒரு மணி நேரம் மருந்து வைத்தார். வீட்டுக்கு ஒரு பல் உறையும் ஊசிக்குழாய்களில் மருந்தும் கொடுத்தார். பத்து நாளைக்கு, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். டீ கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. டீ இல்லாமல் பாதி உயிர் ஏற்கெனவே போய்விட்டது.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடும்போது விசில் என் எதிரில் உட்கார்ந்தான். எட்டு நாள் கழித்து முதல் பேச்சு. அதுவும் என்ன பேச்சு!

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த ஒரு பல்லு மட்டும் மஞ்சளா நிக்குதே, பாத்தீங்களா?"

காலையில்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் ஒரே வெள்ளை. எனக்குச் சுருக்கென்றது. கதவுக்குப் பழி தீர்க்கிறான். "உன் கண்ணு அவ்வளவு நல்லா இருந்தா உன்னை எதுக்குத் தேய்க்கப் போட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனான். பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அவன் மட்டும் என் பல்லைப் பற்றிப் பேசலாமா?

மார்ச் 16, ஞாயிறு

மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, என்னப்பா அந்த ஒரு பல்லு மட்டும் மஞ்சளா? ஓரத்துல உடைஞ்ச கண்ணாடி மாதிரி கோடு வேற."

விசில் இவளுக்கு ஃபோன் செய்து சொல்லியிருக்க முடியாது. மனைவியைப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கும் தெரியுதா?"

"நாலு நாளா தெரியுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா வள்ளுனு விழுவீங்க."

மகள் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். பார்த்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தேன். கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான். மூன்று பேருக்குத் தெரிவது எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால் —

மேலே எழுதவில்லை. மருந்து வைக்கும் நேரம்.

மார்ச் 19, புதன்

மருந்து நேற்றோடு முடிந்தது. இன்று டாக்டரிடம் போனேன். அடைப்பு தனியாகத் தெரிகிறது என்று அவரும் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விவாதம் செய்யவில்லை. விசிறி மாதிரி விரியும் அந்தப் பல் மாதிரிகளை எடுத்து, அதிலிருந்து இரண்டைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்தார்.

"இதுல எது மஞ்சள்?"

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வலது பக்கம் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். கையைப் பின்னால் கொண்டுபோய் மாற்றிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் வலது பக்கம் என்றேன்.

அவர் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ஜன்னல்ல என்னோட சண்டை போட்டு ஜெயிச்சீங்க. நீங்க சொன்னதுதான் சரியா இருந்துச்சு. கடைசியா எப்ப கண்ணு காட்டினீங்க?"

பழைய அடைப்பை எடுத்துப் புதிது வைக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகுமாம். வெளுத்த உடனே வைத்தால் சரியாக ஒட்டாது. பல்லின் நிறமும் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் நிலைக்கு வரும். "பல்லுக்கு அவசரமே இல்லை. நீங்க முதல்ல கண்ணைப் பாருங்க."

மார்ச் 20, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 22, சனி

கண்புரை. இரண்டு கண்ணிலும். உள்ளே இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டதாம். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது மாதிரி. மெதுவாக ஏறியதால் எனக்கே தெரியவில்லை. வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் பிடிபடாது.

"எவ்வளவு நாளா இருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம். எழுத்தெல்லாம் படிக்கிறீங்கல்ல, அதனால சந்தேகம் வந்திருக்காது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் வெள்ளை வண்டிகள்தான். டீச்சர் வண்டியின் கதவு. அதற்கு முன் திரும்பி வந்த இன்னொரு வெள்ளை வண்டியின் பம்பர். எல்லாவற்றுக்கும் விசிலைக் கைகாட்டினேன்.

யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமா? ஆபரேஷன் செய்துகொண்டால் கண் சரியாகிவிடும் என்கிறார்கள். பல் வேலை என்று லீவு போட்டுவிட்டு, புதுக் கண்ணோடு போய் உட்கார்ந்துகொண்டால் யாருக்குத் தெரியும்? தெரிந்தால்தான் ஆபத்து. வண்டியின் மேல் வைத்தால் கலரைப் படித்துச் சொல்லும் மெஷினை விற்கிறவன் மாதம் ஒரு முறை முதலாளியைப் பார்த்துவிட்டுப் போகிறான். முதலாளிக்குக் கலர் தெரியாது, என் வாய்தான் அவருக்குக் கண். அந்த வாய் பொய் என்று தெரிந்தால் மறுநாளே மெஷின் வரும், நான் வெளியே போவேன். ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே போய்ப் பெயின்ட் கலப்பேன்?

விசிலுக்கு வேலை போகவில்லையே, தேய்க்கத்தானே செய்கிறான் — இப்படியும் ஒரு நினைப்பு வந்தது. நான் எழுதியதுதான் இது. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

பல் வேலை, நாலு வாரம் லீவு வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "ஒரு பல்லுக்கு நாலு வாரமா?" என்றார். ஈறில் பிரச்சினை என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

வெளியே வரும்போது விசில் ஒரு கார் பானட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் தூசி. விசில் சத்தம் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

வலது கண் முடிந்தது. வலி இல்லை. மனைவி எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. இதையும் எழுது என்கிறேன்: படுத்துக்கொண்டு ஓயாமல் பேசுகிறேனாம்.

மார்ச் 29, சனி

கண் மூடியை எடுத்தார்கள்.

எப்படி எழுதுவது? தலையணை உறை. அது வெள்ளை. இவ்வளவு நாளும் அது வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அது வெள்ளை. புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தால் டீ கொட்டியது போல இருக்கிறது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி. எங்கள் குளியலறை ஓடு இளநீலமாம்! பழுப்பு வெள்ளை என்று நினைத்திருந்தேன். மனைவி இரண்டு வருடத்துக்கு முன் கடையில் சொன்னாள், நான் அவளைக் கேலி செய்தேன்.

பிறகு கண்ணாடி. பல்லைக் காட்டினேன்.

ஐயோ.

முன்பல்லின் மூலை அப்படியே மஞ்சள். டப்பா மூடி எங்கே உடைத்ததோ அந்தக் கோடு, சாய்வாக, பென்சிலால் போட்டது போலத் தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஊரெல்லாம் சிரித்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இது பல். கதவு எப்படி இருந்திருக்கும்?

மார்ச் 31, திங்கள்

மாதிரி அட்டைகளை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவந்து செருப்புப் பெட்டியில் அடுக்கி வைப்பது வழக்கம். பெட்டியை ஜன்னலடியில் கொட்டினேன். வெள்ளையை மட்டும் பிரித்தேன். ஒரே கலர் நம்பர் உள்ள அட்டைகளைத் தேதிப்படி வரிசையாக வைத்தேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டத் தேவையே இல்லை. நாலு வருடத்துக்கு முன் உள்ளது பால் மாதிரி. போன வருடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறுகிறது; போட்ட மஞ்சள் கண்ணில் படாமல் மேலும் மேலும் சொட்டு விட்டிருக்கிறேன். பிப்ரவரி அட்டை, டீச்சர் வண்டி — பழைய பத்திரிகைத் தாள்தான் அது. பின்னால் என் கையெழுத்து, கோடு போட்டு, புள்ளி வைத்து. திரும்பி வந்த மூன்று வண்டிகளின் அட்டைகளும் தப்பு. மூன்றும் நான். விசில் இல்லை. ஒன்றுகூட அவனில்லை.

கண்ணைக் கசக்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கசக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன்.

பட்டறைக்குள் தூசி, உள்ளே போகக் கூடாது. அலுவலக அறை வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றேன். முதலாளி பார்த்துவிட்டு, "பல்லுக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னாங்களா?" என்றார்.

அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தேன். கண்புரை என்று சொன்னேன். திரும்பி வந்த மூன்று வண்டியும் என் தப்பு, அவன் மேல் பழி போட்டேன் என்று சொன்னேன். தெரியாமல் போட்டேன், ஆனால் தெரிந்த பிறகும் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன்.

முதலாளி அட்டைகளை எடுத்து எடுத்து வைத்தார்.

"இப்ப நான் மெஷின் வாங்கறதா, உன் கண்ணை நம்பறதா?"

"மெஷின் வாங்குங்க முதலாளி. அதுவும் வெளுத்த வண்டிக்குக் கிட்டத்தட்டதான் சொல்லும், கடைசிச் சொட்டுக்குக் கண்ணு வேணும். என் ரெண்டாவது கண்ணு முடியற வரைக்கும் நான் கலக்கறதை விசில் பாக்கட்டும். அவன் சரின்னு சொன்னாத்தான் அடிக்கணும். அவனே அடிக்கட்டும்."

"அவன் கண்ணு சரியா இருக்கும்னு எப்படிச் சொல்ற?"

"என் பல்லை முதல்ல பாத்தது அவன்தான்."

அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றாமல் பல்லை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மெஷின் வாங்குவாராம். என்னையும் வைத்துக்கொள்வாராம். டீச்சர் வண்டியைத் தன் செலவிலேயே மறுபடி அடித்துக் கொடுப்பாராம். விசிலைக் கூப்பிட்டு விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். "தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன், அவ்வளவுதான்.

"தெரியும்ணே."

"எப்பத்திலிருந்து?"

"அந்தப் பல்லைப் பாத்தீங்களான்னு கேட்டேனே, அன்னைக்கு. கலர்ல ஒரு மயிரிழை விட மாட்டீங்க. வாய்க்குள்ள அவ்வளவு பெரிய மஞ்சளை வச்சுக்கிட்டு நீங்க சும்மா உக்காந்திருக்கீங்கன்னா, கண்ணுலதான் கோளாறுன்னு புரிஞ்சு போச்சு."

"அப்ப முதலாளிகிட்ட போய்ச் சொல்ல வேண்டியதுதானே? உன் இடம் உனக்குக் கிடைச்சிருக்குமே."

கையிலிருந்த உப்புத்தாளை மடித்தான். பிரித்தான்.

"எனக்குத் தேய்க்கற வேலையாவது இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருந்திருக்கும்?" அப்புறம், போகிற போக்கில், "ஆனா கோவம்தாண்ணே. இன்னும் இருக்கு. சாப்பிட வராதீங்க ஒரு வாரத்துக்கு" என்றான்.

எப்படியும் நான் லீவில்தான் இருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

பல் அடைப்பு மாற்றியாகிவிட்டது. விசிலைக் கூட வரச் சொன்னேன். "பல்லுக்கெல்லாம் நான் எதுக்கு?" என்றான், ஆனால் வந்தான்; சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

டாக்டர் பழையதைக் குடைந்து எடுப்பதற்கு முன் விசிறியை விரித்தார். பல் காய்வதற்கு முன் நிறம் பார்க்க வேண்டும், காய்ந்தால் வெளுப்பாகக் காட்டி ஏமாற்றிவிடும் என்றார். "பெயின்ட்டை ஈரத்துல பாக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்வாரு, நீங்க நேர்மாறா சொல்றீங்க" என்றான் விசில். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொன்னான். டாக்டர் ஒன்றை எடுத்தார். அவன் தலையை ஆட்டினான்.

"இதுக்கு அடுத்தது டாக்டரம்மா."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் எடுத்ததுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. சொல்லியும் இருப்பேன். வாயில் பஞ்சு இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவன் சொன்னதுதான் சரி. கண்ணாடியில் எந்தப் பல் என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். இடது கண் அடுத்த மாதம். மெஷின் வந்துவிட்டது, பார்க்க இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கிறது. டீச்சர் வண்டியை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மெஷின் சொன்ன அளவைக் கலந்தேன். கொஞ்சம் கூட்டினேன், கொஞ்சம் குறைத்தேன். அட்டையில் தடவிக் காயவைத்து, பின்னால் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு விசிலிடம் கொடுத்தேன். வெயிலில் கதவோரம் வைத்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"மஞ்சள் தூக்கல்ணே."

கதவோரம் வைத்து நானும் பார்த்தேன், இடது கண்ணை மூடிக்கொண்டு. இருந்தது. மயிரிழைதான், ஆனால் இருந்தது. மறுபடி கலந்தேன். அதையும் திருப்பினான்.

மூன்றாவது அட்டையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவனும் போட்டான். ஸ்பிரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் கேட்டது.